பனி என்று ஒரு சொல் வந்தால்: மலைநாட்டில் குளிர்கால ஹைக்கூ

டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரையிலான நாட்களில், இலங்கை மலைநாட்டின் நுவரெலியாவிலும் அம்பேவலையிலும் "துகள் உறைபனி பொழிந்தது" என்ற செய்தி ஆண்டுதோறும் ஒரு தடவையாவது பத்திரிகைகளில் வந்துவிடுகிறது. அதே மாதங்களில்தான், நாளுக்கொரு சொல்லைக் கொடுத்து அதை வைத்துக் குளிர்கால ஹைக்கூ எழுதும் பயிற்சியும் பல மொழிகளில் நடக்கிறது. ஹட்டன், பதுளை, இராகலைப் பக்கங்களில் எழுதிப் பழகும் இளைஞர்களின் கைக்கும் அந்தச் சொற்பட்டியல்கள் வந்து சேர்கின்றன. பட்டியலில் பனிமனிதன் இருக்கிறான், குளிர்காயத் தீ மூட்டும் கணப்பு இருக்கிறது, பனிச்சறுக்கு இருக்கிறது, உறைந்த ஏரி இருக்கிறது. தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் ஒரு நாட்டில் இவற்றை வைத்து என்ன எழுதுவது என்ற குழப்பம் நியாயமானது. நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டா, இருந்தால் அதற்குரிய சொற்கள் எவை, இல்லாத பனியை எழுதினால் அது ஹைக்கூ ஆகுமா என்ற கேள்விகளுக்கு அடிப்படையிலிருந்து விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாள்சொல்லின் பூர்வீகம்

முன்கூட்டியே ஒரு சொல்லைக் கொடுத்து எழுதச் சொல்வதை இங்கே நாள்சொல் என்று குறிப்போம். இது கைத்தொலைபேசிக் காலத்தில் பிறந்த விளையாட்டன்று. யப்பானில் கொடுத்த பொருளின்மேல் பாடும் வழக்கம் ஹைக்கூவுக்கும் முற்பட்டது; ஹைக்கூ எழுதுவோர் கூடும் அவைகளில் இன்றும் அது இரண்டு வகையாக நடக்கிறது. கூட்டத்துக்குப் பல நாட்களுக்கு முன்பே அறிவிக்கப்படும் சொல்லைக் கெந்தாய் என்றும், கூட்டம் கூடிய இடத்திலேயே கொடுக்கப்படும் சொல்லைச் செகிதாய் என்றும் அழைக்கிறார்கள். எழுதியவர் பெயர் தெரியாதபடி கவிதைகளை வேறொருவர் கையெழுத்தில் படியெடுத்துச் சுற்றுக்கு விட்டு, வந்திருப்போர் தமக்குப் பிடித்தவற்றைத் தெரிந்தெடுத்த பின்னரே பெயர்களை வெளியிடுவது அந்த அவைகளின் வழக்கம்.

நம்மிடமும் ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லும் மரபு உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத் தக்கது. ஈற்றடி கொடுப்பவர் பெரும்பாலும் புலவரை மடக்கப் பார்க்கிறார். பொருந்தாததைப் பொருந்த வைக்கும் நாவன்மையே அங்கே சோதிக்கப்படுகிறது. நாள்சொல் கொடுப்பவர் சோதிப்பது கண்ணை. "கம்பளி" என்று ஒரு சொல் வந்தால், இன்றைக்கு ஒரு கம்பளியைப் பார்த்துவிட்டு வா என்பதே அதன் பொருள். பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுகிறவருக்கு அந்தச் சொல் கட்டுரைத் தலைப்பாக மாறிவிடுகிறது. மூன்று வரியில் ஒரு சிறு பேச்சுப்போட்டி உரை பிறக்கிறது.

பருவச்சொல் என்ன வேலை செய்கிறது

ஹைக்கூ, பலர் கூடித் தொடுக்கும் தொடர்கவிதையின் முதற்பாட்டாக இருந்தது. அப்போது அதன் பெயர் ஹொக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மசாவோக்கா ஷிக்கி (1867–1902) அதைத் தனிக்கவிதையாக்கி ஹைக்கூ என்ற பெயரை நிலைநிறுத்தினார். 1916இல் சுதேசமித்திரனில் பாரதியார் இதைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தினார். கூட்டத்தின் முதற்பாட்டு, அந்தக் கூட்டம் நடக்கும் பருவத்தையும் இடத்தையும் குறித்துத் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். அந்தக் கடமைதான் பருவச்சொல்லாக, அதாவது கிகோவாக, இன்றுவரை தங்கிவிட்டது. பருவச்சொற்களைத் தொகுத்து விளக்கமும் எடுத்துக்காட்டும் தரும் அகராதிக்குச் சைஜிகி என்று பெயர்.

பருவச்சொல்லின் வேலைகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. அது காலத்தைச் சொல்கிறது. எந்த மாதம், எந்த வெயில், எந்தக் காற்று என்பதை ஒரே சொல் காட்டிவிடுவதால், மீதி இரண்டு வரிகளும் வேறு வேலைக்கு விடுபடுகின்றன.

2. அது வாசகரின் நினைவைத் திறக்கிறது. "ஷிகுரே" என்ற சொல்லை, குளிர்காலத் தொடக்கத்தில் சடுதியாக வந்து சடுதியாக விட்டுப்போகும் தூறலை, ஒரு யப்பானியர் வாசிக்கும்போது பல நூற்றாண்டுப் பாட்டுகள் அதனுடன் சேர்ந்து ஒலிக்கின்றன.

3. அது எழுதுகிறவரை அடக்குகிறது. துயரத்தைத் துயரம் என்று சொல்லாமல், பருவத்தின் ஒரு பொருளில் ஏற்றிச் சொல்லும்படி கட்டாயப்படுத்துகிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது என்பது என் கணிப்பு. முதலிரண்டும் இல்லாமல்கூட நல்ல மூன்று வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. அடக்கம் இல்லாமல் எழுதப்பட்டதாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அந்த நிலத்துக்குரிய மன ஒழுக்கம் உரிப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதும் இதே வேலைக்காகத்தான். சைஜிகி தன் சொற்களைக் காலம், வானம், நிலம், வாழ்க்கை, சடங்கு, விலங்கு, தாவரம் என்று பிரிக்கிறது. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யாழும் பறையும் நீங்கலாக ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று பொருந்திவிடும்.

மலைநாட்டில் குளிர்காலம் உண்டா

நான்கு பருவக் கணக்கில் தேடினால் இல்லை. ஆறு பருவக் கணக்கில் தேடினால், ஒன்றுக்கு இரண்டாக உண்டு.

தமிழ்ப் பெரும்பொழுதுகளில் கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். முன்பனி என்பது மார்கழியும் தையும். மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சிக்கு உரியவையாகச் சொல்லப்படுபவை இந்த இரண்டு பொழுதுகளுமே. ஆங்கில மாதத்தில் சொன்னால், ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை. யப்பானியப் பழைய பருவக் கணக்கில் குளிர்காலம் நவம்பர் 7 அளவில் தொடங்கிப் பெப்ரவரி 3 அளவில் முடிகிறது. அதாவது அவர்களுடைய குளிர்காலம் முழுவதும் குறிஞ்சியின் பொழுதுக்குள் அடங்கிவிடுகிறது. மலைநாட்டில் இருந்துகொண்டு எனக்குக் குளிர்காலம் இல்லை என்று ஒரு தமிழர் சொன்னால், அவர் தம் இலக்கணத்தையும் மறந்துவிட்டார், ஜன்னலையும் திறக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

ஆனால் ஜன்னலுக்கு வெளியே தெரிவது எல்லா மலையிலும் ஒன்றல்ல. இங்கேதான் நாள்சொல் எழுதுகிறவர் தம் ஊரைச் சரியாக அறிந்திருக்க வேண்டும்.

மத்திய மலைத்தொகுதி இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவே ஒரு மதில்போல நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவான ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்தை நனைக்கிறது; மதிலைத் தாண்டிக் கிழக்குச் சரிவான ஊவாவுக்குள் இறங்கும்போது ஈரத்தை இழந்து, கிழக்கே நாம் கச்சான் என்று சொல்லும் வறண்ட காற்றாகிவிடுகிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ் பருவக்காற்று இதைத் தலைகீழாக்குகிறது: பதுளை, அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் டிசம்பரில் மழையும் மூட்டமுமாக இருக்கும்போது, மேற்குச் சரிவில் மழை குறைந்து, தை பிறந்ததும் வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிந்து நிற்கிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழை மட்டும் இரண்டு பக்கத்தையும் விடுவதில்லை.

ஆகவே மார்கழிக் குளிர் என்ற ஒரே தொடர் ஊவாவில் ஈரக்குளிரையும் மேற்கே வறட்குளிரையும் குறிக்கிறது. ஈரக்குளிரில் துணி காயாது, விறகு புகையும், பாதை வழுக்கும். வறட்குளிரில் உதடு வெடிக்கும், இரவில் நட்சத்திரம் கூர்மையாகத் தெரியும், காலையில் வெயில் முகத்தில் படும்வரை கை மடங்காது. குளிர் என்று மட்டும் எழுதிய ஹைக்கூ எந்தச் சரிவில் நின்று எழுதப்பட்டது என்று தெரியாமல் போனால், அதன் முதற்பொருள் பாதி காணாமற்போய்விட்டது என்று பொருள்.

'பனி' என்ற சொல்லில் உள்ள சிக்கல்

குளிர்காலப் பட்டியலில் தவறாமல் வரும் சொல் பனி. தமிழில் இந்தச் சொல் நான்கு வெவ்வேறு பொருட்களுக்குக் குடைபிடிக்கிறது: புல்நுனித் துளி, மலையை மறைக்கும் மூட்டம், அதிகாலையில் வெள்ளைப் பொடியாகப் படியும் உறைபனி, வானத்திலிருந்து விழும் வெண்பனி. யப்பானிய மரபில் இவை நான்கும் நான்கு சொற்கள். அது மட்டுமன்றி அவை ஒரே பருவத்துக்கும் உரியவையல்ல. துளியும் மூட்டமும் இலையுதிர்காலத்துக்குரியவை. உறைபனியும் வெண்பனியும் மட்டுமே குளிர்காலத்துக்குரியவை. ஒரு தமிழர் "பனி" என்று எழுதிவிட்டுப் பருவச்சொல் வைத்துவிட்டேன் என்று நிம்மதியடைந்தால், வாசகர் நான்கில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார்.

இனிச் செய்தித்தாளின் "துகள் உறைபனி பொழிந்தது" என்ற வாசகத்தைப் பார்க்கலாம். உறைபனி பொழிவதில்லை. முகிலற்ற, காற்றற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக்கொடுத்துக் குளிர்ந்துகொண்டே போகிறது. முகில் இருந்திருந்தால் அது ஒரு போர்வையாக வெப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கும். புல்லின் மேற்பரப்பு உறைநிலைக்குக் கீழே இறங்கியதும், அதைத் தொட்ட காற்றிலுள்ள நீராவி, நீராகாமலே நேரடியாகப் பனிக்கட்டித் துகளாக அதன்மேல் படிகிறது. குளிர்ந்த காற்று கனமானதால் சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டில் உள்ள மலை தப்பிக்க, அதன் கீழே உள்ள தாழ்வான வயலும் ஹோட்டன் சமவெளியின் புற்பள்ளங்களும் வெளுத்துப்போகின்றன. ஆளுயரத்தில் வைத்த வெப்பமானி உறைநிலைக்கு ஓரிரு பாகை மேலே காட்டும்போதும் தரையில் உறைபனி படியலாம்.

இந்த விளக்கம் கவிதைக்கு எதற்கு என்று கேட்கலாம். வினைச்சொல்லுக்காக. பொழிந்தது, விழுந்தது என்று எழுதியதும் கண் மேலே போகிறது. படிந்தது, பூத்தது, கருக்கியது என்று எழுதியதும் கண் தரைக்கு இறங்குகிறது. தோட்டத்தில் சொல்வதுபோல் "பனி விழுந்து கொழுந்து கருகிப்போச்சு" என்று பேச்சில் சொல்வதில் தவறில்லை. பேச்சுக்கு அந்த உரிமை உண்டு. எழுதுகிறவர் மட்டும் தாம் எந்தப் பனியைச் சொல்கிறோம் என்று அறிந்து சொல்ல வேண்டும். கருகுதல் என்பது நெருப்பின் வினை; குளிருக்கு அதைப் பயன்படுத்திய அந்த வாய்மொழியே பாதிக் கவிதை.

பனி கருக்கிய மலை
அதே இலக்கத்தைச் சொல்லி
ஆள் பிரிக்கிறார் கணக்கப்பிள்ளை

தேயிலை வயலுக்கு மலை என்றும், அதற்கு ஓர் இலக்கம் உண்டு என்றும், காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்தில், எந்த இலக்க மலைக்கு யார் போவது என்று பிரிப்பார்கள் என்றும் அறியாத வாசகருக்கு இது எட்டாது. அது குற்றமாகாது. ஷிகுரேயை நாமும் படித்துத்தானே அறிந்தோம்.

பதினேழு என்ற எண்

ஹைக்கூவின் மூன்று வரிகளுக்கும் சொல்லப்படும் 5-7-5 என்ற கணக்கு, யப்பானிய மொழியின் ஒன் என்ற ஒலியலகைப் பற்றியது. குறில் ஒன்று, நெடில் இரண்டு, சொல்லிடை மெய்யொலியும் ஒன்று என்று அது எண்ணப்படுவதால், நம் மாத்திரைக் கணக்குக்கு அது நெருங்கிய உறவு. தமிழில் மெய்க்கு அரை மாத்திரை என்பது ஒன்றே பெரிய வேறுபாடு. ஆனால் 17 மாத்திரைக்குள் தமிழில் ஒரு காட்சியை வைப்பது பெரும்பாடு. வேற்றுமை உருபும் வினைவிகுதியும் ஒட்டி நிற்கும் நம் சொற்கள் நீளமானவை. "தேயிலைத்தோட்டத்தில்" என்ற ஒரு சொல்லே முதல் வரிக்கான ஐந்தைத் தாண்டிவிடும்.

மெய்யை விட்டு எழுத்தை மட்டும் எண்ணலாமே என்போருக்கு ஒரு சுவையான செய்தி. ஒற்று நீக்கி எழுத்தெண்ணிப் பாடும் வழக்கம் தமிழில் ஏற்கெனவே உண்டு. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்து. அதாவது ஒரு ஹைக்கூவின் அளவு, கோவையிலும் அந்தாதியிலும் வரும் நிரையசையில் தொடங்கும் ஓரடியின் அளவு. அந்த அளவில் எழுதிப் பார்க்க விரும்புகிறவர் எழுதலாம், கைப்பயிற்சிக்கு நல்லது. மூன்று குறு வரிகள், வேண்டாத சொல் இல்லை என்ற அளவில் நின்றுவிடுபவரையும் குறை சொல்வதற்கில்லை.

எண்ணிக்கையைவிட வெட்டு முக்கியம். யா, கனா, கெரி போன்ற வெட்டுச்சொற்கள் ஒரு கணம் நிறுத்தி, இரண்டு காட்சிகளைப் பிரித்து வைக்கின்றன. பழந்தமிழில் மன், கொல், அம்ம, ஈற்றசை ஏகாரம் ஆகியவற்றுக்கு இத்தகைய ஆற்றல் இருந்தது. இன்றைய உரைநடைத் தமிழ் அவற்றைக் கைவிட்டுவிட்டதால், பெயர்ச்சொல்லில் வரியை முறிப்பதே நமக்கு மிஞ்சிய வழி.

ஒரு சொல், மூன்று வரைவுகள்

நாள்சொல் "கம்பளி" என்று வைத்துக்கொள்வோம். மலைநாட்டில் கம்பளி என்பது வெறும் போர்வையன்று. மழையிலும் குளிரிலும் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் தலையிலிருந்து முதுகு மறையப் போட்டுக்கொண்ட கருங்கம்பளி அது. இப்போது பெரும்பாலும் பொலித்தீன் உறை அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. முதல் வரைவு இப்படி வரக்கூடும்:

கிழிந்த கம்பளிக்குள்
நடுங்குகிறது
ஓர் ஏழைத்தாயின் கண்ணீர்

இதில் பார்த்த பொருள் ஒன்றும் இல்லை. கிழிசல், நடுக்கம், ஏழ்மை, தாய், கண்ணீர் என்று இரக்கத்துக்குரிய சொற்கள் வரிசையில் நிற்கின்றன. மலையகத்தைப் பற்றி வெளியார் எழுதும் மூன்று வரிகளில் இந்த வரிசை அடிக்கடி வருகிறது. மலையகத்தார் தாமே எழுதும்போதும் வந்துவிடுவதுதான் வருத்தம். இரண்டாவது வரைவு:

மழை விட்ட பின்னும்
விடாமல் பெய்கிறது
கம்பளி

இது முன்னேற்றம். ஒரு காட்சி இருக்கிறது. நனைந்த கம்பளி சொட்டுவதைப் பார்த்தவர்தான் இதை எழுத முடியும். ஆனால் "பெய்கிறது" என்ற சொல்லின் சாமர்த்தியம் முன்னால் வந்து நின்று கைதட்டலுக்குக் காத்திருக்கிறது. கவியரங்கத்துக்குப் பொருந்தும், ஹைக்கூவுக்கு ஒரு பிடி உப்பு அதிகம். மூன்றாவது:

அடுப்புக்கு மேல்
இன்னும் காயாத கம்பளி
பெரட்டுக்குப் போகும் காலடிகள்

முதல் இரண்டு வரியும் காம்பராவுக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயத்தின் ஓர் அறைக்குள். கடைசி வரி வெளியே, லயத்து வாசலைக் கடந்துபோகும் ஒலியாக மட்டும். இவர் போகப் போகிறாரா, ஈரக் கம்பளியோடு புறப்படுவாரா, இன்றைக்கு நின்றுவிடுவாரா என்பது சொல்லப்படவில்லை. காயாமை ஈரக்குளிரைக் காட்டுவதால், குளிர் என்ற சொல்லும் தேவைப்படவில்லை. மாத்திரை எண்ணினால் இது முப்பதைத் தாண்டும்; போகட்டும்.

இல்லாத பொருள் சொல்லாக வந்தால்

பனிமனிதன் போன்ற சொல் வந்தால் பலர் செய்வது, திரைப்படத்தில் பார்த்ததை எழுதுவது. வேறு சிலர் "எங்கள் ஊரில் பனிமனிதன் இல்லை" என்பதையே கவிதையாக்குவர். அது ஒரு முறை சுவைக்கும், மறுமுறை சலிக்கும். சொல்லின் உருவத்தை விட்டுவிட்டு, அந்தப் பொருள் அந்த ஊர் வாழ்க்கையில் செய்யும் வேலையை இங்கே செய்வது எது என்று கேட்பது பயன்தரும். பனிமனிதன், குளிரைப் பிள்ளைகள் விளையாட்டாக்கிக்கொண்டதன் அடையாளம். பள்ளிக்கூடப் பாதையில் வாயைக் குவித்துப் "புகை" விட்டுச் சுருட்டுக் குடிப்பதாக நடிக்கும் பிள்ளைகள் அதே வேலையை ஆறாயிரம் அடி உயரத்தில் நாள்தோறும் செய்கிறார்கள்.

கணப்பு வேறு வகை. அது மலைநாட்டில் உண்மையாகவே உண்டு, தோட்டத்து முகாமையாளரான துரையின் பங்களாவிலும் பழைய விடுதிகளிலும். லயத்துக் காம்பராவில் இருப்பது சமையல் அடுப்பு. குளிர் காய்வதும் அதிலேயே. ஆகவே கணப்பு என்ற சொல் இங்கே வந்து இறங்கியதும், யார் வீட்டுக் கணப்பு என்ற கேள்வியையும் கூடவே கூட்டிவருகிறது:

பங்களாப் புகைபோக்கியில் புகை
விறகு கொண்டுபோனவர்
வாசலில் கை தேய்க்கிறார்

குறிஞ்சிக்குரிய உரிப்பொருள் புணர்தல் என்பார்கள். தோட்டத்துக் குறிஞ்சியில் மேலோங்கி நிற்பது, கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளும் அவர்களுக்காகத் தீபாவளியிலும் பொங்கலிலும் பஸ் பார்த்து நிற்கும் பெற்றோருமாக, பாலைக்குரிய பிரிவு. ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் கலப்பதைத் திணைமயக்கம் என்பார்கள்; இதற்கு இலக்கணத்தில் இடம் உண்டு. ஆனால் இலக்கணம் அப்படியே இதை ஏற்குமா என்பதைப் புலவர்கள் வழக்காடட்டும். ஏனென்றால், உரிப்பொருள் ஒழிந்த மற்றவைதான் மயங்கலாம் என்பது தொல்காப்பியத்தின் விதி.

அரைப்பேர் ஒரு பருவச்சொல்

மலைநாட்டுக்கென்று பருவச்சொற்களைத் தேடும்போது பறவையையும் பூவையும் மட்டும் தேடுவது குறைபாடு. இயற்கையின் மாற்றம் சம்பளத்தில் போய்த் தொடும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

மேற்குச் சரிவிலும் நுவரெலியாவிலும் தை, மாசியின் வறட்குளிரில் தேயிலையின் தளிர்ப்பு மந்தமாகிறது. மெதுவாக வளரும் அந்தத் தளிரில்தான் சுவையும் மணமும் கூடுகின்றன. டிம்புள்ளை, நுவரெலியாத் தேயிலையின் சிறந்த பருவம் என்று வணிகர்கள் சொல்வது இந்த ஜனவரி–மார்ச் மாதங்களையே. ஆனால் மலையில் நிற்பவருக்குக் கொழுந்து குறைவு. விதிக்கப்பட்ட எடை நிறையாதபோது முழுநாட் சம்பளத்துக்கான பேருக்குப் பதிலாக அரைநாட் சம்பளத்துக்கான அரைப்பேர் விழும். தேநீருக்கு உயர்ந்த பருவம் எதுவோ, அதுவே கூடைக்கு இளைத்த பருவம். இவை இரண்டையும் ஒரே வெயில்தான் செய்கிறது:

தை மாத வெயில்
கூடையின் அடியைத் தாண்டாத
கொழுந்து

இங்கே அரைப்பேர் என்ற சொல்லையே வைத்திருக்கலாம். வைத்தால் மலையகத்தார் உடனே அறிவர், வெளியார் விளக்கம் கேட்பர். வைக்காவிட்டால் எல்லோருக்கும் காட்சி தெரியும், ஆனால் அதன் விலை சிலருக்கே தெரியும். எதைத் தெரிந்தெடுப்பது என்பது யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது.

மாதவாரியாகச் சில சொற்கள்

பட்டியலுக்காகக் காத்திராமல், தம் ஊருக்குரிய நாள்சொற்களைத் தாமே தொகுத்துக்கொள்வது நல்லது. தொடக்கத்துக்குச் சில:

1. ஐப்பசி: இடி, பீலியில் (தண்ணீர் பிடிக்கும் குழாயில்) வரும் தண்ணீரின் நிறமாற்றம், மண்சரிவு. கடைசிச் சொல்லை எடுப்பவர் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நினைவில் வைத்தே எழுத வேண்டியிருக்கும். ஷிகுரேக்குப் பின்னால் பல நூற்றாண்டுப் பாட்டுகள் நிற்பதுபோல், இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு காலைப்பொழுது நிற்கிறது.

2. கார்த்திகை: லயத்து வாசல்களில் விளக்கீடு, மூட்டத்துக்குள் கேட்கும் பஸ் ஹோன், ஆறுமணிக் குருவி. இந்தக் குருவி இந்தியாவிலிருந்து வந்து இங்கே குளிர்காலத்தைக் கழித்துத் திரும்பும் விருந்தாளி; நுவரெலியா விக்டோரியா பூங்காவில் நின்று பார்க்கலாம்.

வந்துவிட்டது ஆறுமணிக் குருவி
போன வருடச் சுவெட்டரில்
மணிக்கட்டு தெரிகிறது

3. மார்கழி: விடியற்காலைப் பஜனை, திருவெம்பாவை, கோயில் ஒலிபெருக்கியின் முதல் கரகரப்பு. டிசம்பர் மாத முழுநிலா நாளான போயாவோடு சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கி வெசாக் வரை நடக்கும். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இரவில் பார்த்தால் படிகளின் விளக்குகள் வானத்துக்குள் ஏறுவதுபோல் தெரியும்.

4. தை: உறைபனி, பொங்கல் பானையின் ஆவி, வெடித்த உதடு, அரைப்பேர்.

பெப்ரவரி 4 அளவில் யப்பானிய நாட்காட்டியில் வசந்தம் பிறந்துவிடுகிறது. அந்த நாட்காட்டியைப் பின்பற்றும் பட்டியல்கள் மொட்டுக்கும் மலர்ச்சிக்கும் தாவிவிடும். நுவரெலியாவில் அப்போதும் விடியற்காலை வெளுத்தே இருக்கிறது. நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி என்பதால், குளிர்காலச் சொற்களை இன்னும் சில வாரம் கையில் வைத்திருக்க மலைநாட்டாருக்கு உரிமை உண்டு. தோட்டங்களில் காமன் கூத்து நடப்பதும் இந்த மாசியில்தான். வசந்தனைத் தோழனாகக் கொண்ட காமன், வசந்தம் வருமுன்பே, பின்பனிக் குளிரில், சிவனின் நெற்றிக்கண்ணால் எரிகிறான். ரதியின் ஒப்பாரி முடிந்து கூட்டம் கலையும்போது விடிந்துகொண்டிருக்கும்.

காமன் எரிந்த பொட்டல்
சாம்பலைச் சுற்றிக்
குளிர் காயும் பையன்கள்